கப்பல்காரரின் சிவப்புக் கோடு

எனக்குக் கோடு நேராக வராது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டாலும் நடுவில் எங்காவது பென்சில் வழுக்கிவிடும். பிறகு பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை கிடைத்தது. அங்கே டைப் அடிக்க வேண்டும், ஃபைல் அடுக்க வேண்டும், தொலைபேசியில் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். கோடு போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தத் தொற்றுக் காலத்தில்தான் தங்கை மகள் தன்னுடைய பழைய டேப்லட்டை என்னிடம் தள்ளிவிட்டாள். அதன் மேல் ஒரு பேனாவால் வரைந்தால் கணினித் திரையில் படம் விழும். முதல் நாள் ஒரு மாம்பழம் வரைந்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, “உருளக்கெழங்கு நல்லா இருக்கு” என்றார். அன்றைக்கே அதை மூட்டை கட்டியிருக்க வேண்டியது. யாராவது முடியாது என்று சொன்னால் செய்து காட்டாமல் விடமாட்டேன் என்பது என் பிறவிக் குணம். அதனால் இணையத்தில் தேடி, பொழுதுபோக்குக்குப் படம் வரைகிற தமிழர்களின் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குழுவில் யாரும் பெயர் சொல்வதில்லை, முகம் காட்டுவதில்லை. எதை வரைகிறோமோ அதுதான் பெயர். குழுவை நடத்துகிறவர் ஈப்போவில் பல் டாக்டர். நாளெல்லாம் வாய்களைப் பார்த்துவிட்டு மாலையில் பூனை மட்டும் வரைவார். அதனால் அவர் பூனையம்மா. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மலைகளாக வரைந்து தள்ளுவார். அவர் மலைக்காரர். நான் லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதையை விட்டு நகர்ந்ததில்லை. பினாங்கில் அதைக் காக்கிலீமா என்போம். பூப்போட்ட தரைக்கல், பெயிண்ட் உரிந்த தூண், சேலை கட்டி நிற்கும் பொம்மை, பணமாற்றுக் கடைக்காரரின் முக்காலி என்று அங்கே எனக்கு ஆயுசுக்கும் போதுமான சரக்கு இருக்கிறது. அதனால் நான் காக்கிலீமா அக்கா.

கோடு நேராக வராதவள் தூண் வரைந்தது எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வரைகிற மென்பொருளில் ஸ்டெபிலைசர் என்று ஒன்று உண்டு. அதைக் கூட்டி வைத்தால் கை எப்படிக் கோணினாலும் கோடு வழவழவென்று விழும். பேனா முன்னால் போகும், கோடு கொஞ்சம் தாமதித்துப் பின்னால் வரும், கயிற்றில் கட்டிய நாய்க்குட்டி போல. நான் சேர்ந்த நாளிலிருந்து அதை உச்சத்திலேயே வைத்திருக்கிறேன்.

நான் இப்படித்தான் வரைகிறேன் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கப்பல்காரர்.

அவர் கப்பல் வரைவார். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அதை அவரே அடிக்கடி சொல்வார். கன்டெய்னரைக் கப்பலில் இறக்கும்போது தட்டில் முட்டை வைத்ததுபோல் இருக்குமாம், சத்தமே கேட்காதாம். பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தால் அவருடைய படத்தைப் பார்க்க வேண்டும். பாய்மரம், கயிறு, நங்கூரச் சங்கிலி எல்லாம் ஸ்கேலும் இல்லாமல் ஸ்டெபிலைசரும் இல்லாமல் ஒரே இழுப்பில் வரும். பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைப் பொதுப் பலகையில் போடும்போது அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தால், ‘தப்பைத் திருத்துங்கள்’ என்று அர்த்தம். பொட்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தின் மேல் சிவப்புக் கோட்டால் திருத்தம் போடலாம். பொட்டு இல்லாத படத்தை யாரும் தொடக் கூடாது. பொதுப் பலகை என்பது ஒரு சாதாரண இணையப் பக்கம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்போம், சிவப்புக் கோடு நம் கண் முன்னாலேயே நகர்ந்து நகர்ந்து வரும். வரைகிற மென்பொருளில் இருக்கிற வசதி எதுவும் அதில் கிடையாது.

சிவப்புக் கோட்டில் கப்பல்காரர்தான் ராஜா. தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். பூனையின் முதுகில் கோடு போட்டு, “இதுக்கு எலும்பே இல்ல டாக்டரம்மா, துணி காயப் போட்ட மாதிரி இருக்கு” என்பார். அவர் சொன்னதைக் கேட்டுத் திருத்தினால் பூனை எழுந்து நடந்துவிடும். என் படத்துக்கும் போட்டார். ஒருமுறை எல்லார் முன்னாலும், “தங்கச்சி, அந்தக் கைத்தடிய எப்ப கீழ போடப் போறீங்க?” என்று கேட்டார். ஸ்டெபிலைசருக்கு அவர் வைத்த பெயர் கைத்தடி.

எனக்கு வந்ததே கோபம். “நடக்கறது நான். தடியப் பத்தி உங்களுக்கு என்னாண்ணே கவல?” என்றேன். அதோடு என் படங்களுக்குப் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம், வணக்கம் சொல்லிக்கொள்வோம், ஆனால் என் படம் வரும்போது அவர் பேசமாட்டார். காக்கிலீமாவுக்குப் பொட்டு கிடையாது என்பது குழுவில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் யந்திரம் வரைகிற படங்கள் உலகமெல்லாம் வந்துவிட்டன. எங்கள் குழுவிலும் புதிதாக ஒருவர் சேர்ந்து, ஒரு பழைய கடைத்தெருப் படத்தைப் போட்டார். ஒளியும் நிழலும் அப்படி ஒரு அழகு. நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பாராட்டினோம். மறுநாள்தான் பூனையம்மா பெரிதாக்கிப் பார்த்து, கடைப் பலகைகளில் இருக்கிற எழுத்து தமிழும் இல்லை, சீனமும் இல்லை, மலாய்க்காரர்களின் ஜாவியும் இல்லை, எந்த மொழியும் இல்லை என்று கண்டுபிடித்தார். எல்லாருக்கும் அவமானமாகிவிட்டது. ஏமாற்றியவர் போய்விட்டார், பாராட்டிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம், முகம் தெரியாத குழுவாக இருந்தும்.

அன்றைக்குப் போட்டதுதான் ரெக்கார்டிங் விதி. படம் போடுகிறவர்கள் அதை வரைந்ததைத் திரையிலிருந்தே ரெக்கார்ட் செய்து சேர்த்துப் போட வேண்டும். அதில் பேனாமுனை எங்கே போகிறது, எங்கே அழித்தோம், எங்கே தடுமாறினோம் என்பதெல்லாம் தெரியும். ரெக்கார்டிங் இல்லாத படம் பலகையில் நிற்காது. அப்படியே தொடர்ந்தால் ஆள் குழுவிலேயே இருக்க முடியாது. இந்த விதிக்கு முதலில் கை தூக்கியவர் கப்பல்காரர்.

சென்ற வருடக் கடைசியில் அவர் கொஞ்ச காலம் காணாமல் போனார். திரும்பி வந்து ஒரு சரக்குக் கப்பலைப் போட்டார், ரெக்கார்டிங் இல்லாமல். “கம்பியூட்டர் ஸ்லோ லா, ரெக்கார்ட் ஆகும்போது ஸ்டக் ஆகுது” என்றார். மூத்தவர் என்பதால் விட்டுவிட்டோம். அடுத்த கப்பலுக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்ததற்கும் அதேதான். இன்னொன்றும் நடந்தது. அவர் யார் படத்துக்கும் சிவப்புக் கோடு போடுவதை நிறுத்திவிட்டார். பொட்டு வைத்துக் காத்திருந்தவர்களிடம், “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எங்களுக்குத் திகைப்பாக இருந்தது.

கடைசியில் மலைக்காரர்தான் பொறுக்க முடியாமல் எழுதினார். “தப்பா எடுத்துக்காதீங்ண்ணா. இந்தக் கோட்டைப் பாருங்க, ஒரு பிசிறு இல்லை. இது மனுசன் கையாட்டமே தெரியலீங்.” அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கடைத்தெருப் படத்தை எல்லாரையும்விட நீளமாகப் பாராட்டி எழுதியவர் அவர், அதனால் சூடு கண்ட பூனை. அவர் எழுதியதும் நாலைந்து பேர் அதன் கீழே கட்டைவிரல் குறி போட்டார்கள்.

பூனையம்மா பொறுமையாக எழுதினார். “அண்ணே, எல்லாருக்கும் ஒரே ரூல் தான். வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துக்குள்ள ஒரே ஒரு ரெக்கார்டிங் போட்டுருங்க. இல்லாட்டி நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.”

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கைத்தடி என்று சொன்ன வாய்க்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அவருடைய கப்பலைத் திறந்து, பெரிதாக்கி, குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தேன்.

குறை கிடைத்தது. நங்கூரச் சங்கிலி திரும்புகிற இடத்தில் மூலை மழுங்கி இருந்தது. கயிறு கம்பத்தில் மடிகிற இடமும் மழுங்கல். கப்பலின் மேல்தள ஜன்னல்கள், அவை சதுரமாக இருக்க வேண்டியவை, நான்கு மூலையும் சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்து இருந்தன. யந்திரம் இப்படி வரையாது. கப்பல்காரரும் இப்படி வரையமாட்டார். இப்படி வரைகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அது நான்தான், சேர்ந்த புதிதில். ஸ்டெபிலைசரை உச்சத்தில் வைத்துவிட்டு மூலையில் சட்டென்று திரும்பினால், பின்னால் வருகிற நாய்க்குட்டி மூலை வரைக்கும் வராது. குறுக்கே வெட்டிக்கொண்டு வந்துவிடும். மூலை மழுங்கிவிடும். பாம்பின் கால் பாம்பறியும்.

கைத்தடியைக் கேலி செய்த மனிதர் ஏன் கைத்தடியைப் பிடித்தார்? ரெக்கார்டிங் போட்டால் கோடு மட்டும் தெரியாது, அதற்கு முன்னால் போகிற பேனாமுனையும் தெரியும். பொதுப் பலகையில் ஸ்டெபிலைசரே கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவருக்குத் தனியாக எழுதினேன். “அண்ணே, நங்கூரச் சங்கிலி மூலையெல்லாம் மழுங்கி இருக்கு. நீங்களும் கைத்தடி வாங்கிட்டீங்களா?”

மறுநாள் ஒரு குரல் செய்தி வந்தது. “சனிக்கெழம இந்தப் பக்கம் வர முடியுமா தங்கச்சி? செபராங் ஜெயால நம்ம வீட்டுப் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கட இருக்கு.” அவர் இப்போதெல்லாம் எழுதாமல் பேசியே அனுப்புகிறார் என்பதும் அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

என் கணவர் கேட்டார். “மொகம் தெரியாத ஆளப் பாக்கவா ஃபெரி ஏறப் போற?”

“மொகந்தான் தெரியாது. கோடு தெரியும்” என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, “வரும்போது பசார்ல நல்ல எறா இருந்தா வாங்கிட்டு வா” என்றார். அனுமதி என்பது எங்கள் வீட்டில் இப்படித்தான் வரும்.

ஃபெரி கடக்கிற நேரத்தில் எதிர்க் கரையில் துறைமுகக் கிரேன்கள் தெரிந்தன. இத்தனை வருடம் அவற்றைத் தினசரிக் காலண்டர் படம் மாதிரிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஏதோ ஒன்றின் உச்சியில் உட்கார்ந்து அவர் முட்டை வைத்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

கடையில் அவரைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. நீலச் சட்டை போட்டிருப்பேன் என்று சொல்லியிருந்தார். நான் கற்பனை செய்தது ஆறடி ஆள். இருந்தவரோ குட்டையாக, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரேஷன் வரிசையில் நிற்கிறவர் போலப் பவ்யமாக இருந்தார். அவர் முன்னால் ஐஸ் போட்ட தேநீர், அதில் உறிஞ்சுகுழல். வலது கை தொப்பிக்குக் கீழே இருந்தது.

“காக்கிலீமா நீங்கதானா? நான் இன்னும் கோவக்காரியா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

“இன்னும் உக்காரவே இல்லயேண்ணே. பொறுங்க” என்றேன்.

சிரித்தார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டுக் கையை மேசை மேல் வைத்தார். கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். டாக்டர் ஒரு பெயர் சொன்னாராம், பெயர் நல்ல நீளமாம். மருந்து சாப்பிட்டால் சில நாள் அடங்குமாம், சில நாள் அடங்காதாம். இன்னும் கூடுமா என்று கேட்டதற்கு டாக்டர் பேச்சை மாற்றிவிட்டாராம்.

“கூட்டத்துல சொல்லிருங்கண்ணே. மலைக்காரரு பாவம், தெரியாமத்தான் பேசுறாரு. தெரிஞ்சா அவரே மன்னிப்புக் கேப்பாரு.”

“அதான் வேணாங்கறேன்.” குரல் உயரவில்லை. “சொன்னா என்னா ஆகும் தெரியுமா? அதுக்கப்புறம் நான் என்னா வரஞ்சாலும் சூப்பர் அண்ணேம்பாங்க. செவப்புக் கோடு போட்டா, சரிண்ணே சரிண்ணேன்னு தலையாட்டிட்டுப் போயிருவாங்க. ஒருத்தரும் சண்டக்கி வர மாட்டாங்க. என் கண்ணுக்கு அப்புறம் என்னா மரியாத? வீட்ல பேசறதுக்கு ஆள் இல்லன்னு இல்ல, என் சம்சாரம் நல்லாவே பேசுவா. ஆனா ஒரு கோடு சரியா தப்பான்னு பேச எனக்கு உங்க கூட்டம் மட்டுந்தான் இருக்கு. அங்க என்னப் பாவப்பட்டு வச்சுக்கக் கூடாது.”

“அதுக்குத் திருடன்னு பேரு வாங்கிட்டுப் போறது மேலா?”

“மேலுதான்.”

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரிக் கோபம். “ஆடுறது கை. கண்ணு இல்ல. நீங்க ரெண்டையும் சேத்துக் கட்டி வச்சிருக்கீங்க” என்றேன். அவர் உறிஞ்சுகுழலைக் கிண்டினார். பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி கேட்டார்கள். நான் என்னை அடக்கிக்கொண்டு, வந்த வேலையில் ஒரு பாதியையாவது முடிப்போம் என்று, மூலை மழுங்குவதற்கு வழி சொன்னேன். “தடி வச்சிருக்கும்போது மூலையில ஓடக் கூடாதுண்ணே. நில்லுங்க. பின்னால வர்ற கோடு வந்து சேரட்டும். அப்பறமாத் திரும்புங்க.”

“நிக்கணுமா?”

“நிக்கணும்.”

“அப்ப அதுவும் ஒரு வேலதான்” என்றார். அவர் என் கைத்தடியைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

கிளம்பும்போது சொன்னேன். “நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கி என் படத்துக்குப் பொட்டு வைப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். “எந்தப் படம்?”

“நாளைக்கிப் பாத்துக்குங்க” என்றேன். எறா வாங்க மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாலை கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். கப்பல்காரரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ரெக்கார்டிங் எதுவும் வந்து சேரவில்லை. பூனையம்மா வழக்கமான விஷயங்களைப் பேசினார். அவர் குரலில் பிரியமில்லாத வேலையைத் தள்ளிப்போடுகிற தொனி இருந்தது. “சரி... அண்ணே, அந்த ரெக்கார்டிங் விஷயம்...” என்று அவர் ஆரம்பித்ததும் நான் குறுக்கே விழுந்தேன்.

“டாக்டரம்மா, அதுக்கு முன்னால என் படத்தப் போட்டுறேன்.”

படத்தைப் பலகையில் போட்டேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு பணமாற்றுக் கடை, வாசலில் முக்காலி, அதன் பக்கத்தில் மஞ்சள் தூண். ஒரு வாரம் உழைத்த படம். அதன் மூலையில் சிவப்புப் பொட்டை வைத்தேன்.

“அக்கா, பொட்டா?” என்றார் பூனையம்மா.

“பொட்டுத்தான். கப்பல்கார அண்ணே பாக்கட்டும்.”

என் வீட்டு மின்விசிறிச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இந்த மனிதரை நானே இழுத்து நடுச்சந்தியில் நிறுத்திவிட்டேனோ என்று இருந்தது. வேறு ஏதாவது பேசி மழுப்பிவிடலாமா என்று வாயைத் திறந்தபோது, தூணின் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

அது கீழே இறங்க ஆரம்பித்தது. கோடு என்று சொல்ல முடியாது. நடுங்கி நடுங்கி, இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்து, ஒரு இடத்தில் நின்று, மறுபடி கிளம்பி, மெதுவாக இறங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைக்காரரின் மைக் ஒருமுறை திறந்தது, மூச்சு கேட்டது, மூடிக்கொண்டது. கோடு தூணின் அடிவரை வந்து நின்றது.

“ரெக்கார்டிங் போட்டிருந்தா இதத்தான் பாத்திருப்பீங்க. அதான் போடல” என்றார் கப்பல்காரர். யாரும் பதில் சொல்வதற்கு இடம் கொடுக்காமல் தொடர்ந்தார். “சரி, அது கெடக்கட்டும். தூணப் பாருங்க. நான் போட்ட கோடு ஆடுது, ஆனா அது நேரா எறங்குது. தங்கச்சியோட தூணு ஆடல, ஆனா எடப்பக்கம் சாயுது. கீழ வர வர முக்காலிய இடிக்குது பாருங்க. அந்தக் கடக்காரரு எந்தத் தைரியத்துல உள்ள உக்காந்திருக்காரு?”

பார்த்தேன். சிவப்புக் கோடு ஒரு பக்கம், என் தூண் ஒரு பக்கம். கீழே வரும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. ஸ்டெபிலைசர் என் கோட்டை வழவழப்பாக்கியிருக்கிறதே தவிர, நேராக்கவில்லை.

இவர் என்ன நிலைமையில் இருக்கிறார், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. “அந்தத் தூணே அப்படித்தாண்ணே நிக்குது. பழைய கட்டடம். நான் கண்ணால பாத்து வரஞ்சது” என்றேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்” என்றார் அவர்.

பூனையம்மா சிரித்துவிட்டார். மலைக்காரர் மைக்கைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், எல்லாம் கெட்டது என்று பயந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏனுங்ண்ணா, என் மலையையும் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்” என்றார். பலகையில் அவர் படம் வந்தது. மூலையில் பொட்டு.

சிவப்புக் கோடு மறுபடி நடுங்கிக்கொண்டு கிளம்பியது. மலையின் அடிவாரத்தில் போய் நின்றது. “தம்பி, இந்த மலை எது மேல நிக்குது? ஆணி அடிச்சு மாட்டி வச்ச மாதிரி இருக்கே.”

“அதெப்படீங்? அங்க மூடுபனிங்ண்ணா.”

“மூடுபனின்னா எல்லாத்தையும் மூடணும். மரத்த மூடல, அடிவாரத்த மட்டும் மூடுதா?”

“நீங்க எங்க ஊர்ப் பனியைப் பார்த்ததே இல்லீங், பார்க்காம பேசாதீங்” என்று மலைக்காரர் எகிறினார். கப்பல்காரர் விடவில்லை. அவரும் விடவில்லை. நல்ல சண்டை. ஒருவர்கூட சூப்பர் அண்ணே என்று சொல்லவில்லை. நான் மைக்கை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, “யாரு செத்தா?” என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றேன்.

ரெக்கார்டிங் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலேயே அடுத்த கப்பலோடு அதுவும் வந்தது. அதில் பேனாமுனை ஈ மாதிரி அலைகிறது, கோடு பின்னாலேயே நிதானமாக வருகிறது, ஜன்னலின் ஒவ்வொரு மூலையிலும் நின்றுவிட்டுத் திரும்புகிறது.

தூண் விஷயத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் சாப்பிடாமல் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். தூண் நிச்சயம் சாய்ந்துதான் இருக்கும், படம் பிடித்து அனுப்பி அந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரே ஆவேசம். கண்ணால் பார்த்தால் ஒருமுறை சாய்ந்ததுபோல் இருந்தது, ஒருமுறை நேராக இருந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் நாலைந்து முழ நூல் கேட்டேன். அலுவலகச் சாவியை அதில் கட்டி, கையை உயர்த்தித் தூணோடு சேர்த்துத் தொங்கவிட்டேன்.

“என்னாக்கா பண்றீங்க?” என்றார் பூக்காரர்.

“தூண் சாயுதான்னு பாக்குறேன்.”

அவர் கையில் இருந்த சரத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து என்னோடு சேர்ந்து பார்த்தார். சாவி கொஞ்சம் சுழன்று, ஆடி, அடங்கியது. நூல் தூணை ஒட்டியபடியே அடிவரை இறங்கியது. மேலே எவ்வளவு இடைவெளியோ கீழேயும் அவ்வளவுதான்.

“நேராத்தானே நிக்குது லா” என்றார் அவர், எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்து.

நல்ல செய்திதான். தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்டது என் ஞாபகத்தில் அந்த ஒருமுறைதான். நூலையும் சாவியையும் படம் பிடித்து, எதுவும் எழுதாமல் கப்பல்காரருக்கு அனுப்பினேன். அன்று மாலை என் படத்தைத் திறந்து, அவர் போட்ட சிவப்புக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூணைப் புதிதாக வரைந்தேன். அடியில் மூலை வந்தபோது நின்று, கோடு வந்து சேர்ந்த பிறகு திரும்பினேன். வேலை முடிந்ததும் சிவப்புக் கோட்டை அழித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். நான் அழிக்கவில்லை.